இடப்பக்கத்து பிரேக்

மார்ச் 30, ஞாயிறு

ஜனவரி 16 அன்று நடந்தது என் பிழை இல்லை. இதை முதல் வரியாக எழுதிவிட்டுத்தான் இந்தப் புத்தகத்தைத் தொடங்குகிறேன். ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டது. வண்டி தானாக முன்னால் போய் வீட்டு கேட்டில் மோதியது. மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். கழற்றிய பிறகு சரியாக இருப்பதில் என்ன ஆச்சரியம்? சிக்கிய நேரத்தில் அவன் அங்கே இருந்தானா?

இன்று முதல் வண்டிக்குத் தனி லாக் புத்தகம். நகராட்சி நீரேற்று நிலையத்தில் முப்பத்தொரு வருடம் லாக் எழுதியவன் நான். மோட்டார் எத்தனை மணிக்கு ஓடியது, எப்போது நின்றது, அழுத்தம் எவ்வளவு, பணியில் யார். அங்கே ஒரு விதி உண்டு. தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. மை பூசக் கூடாது. தாளைக் கிழிக்கவே கூடாது. தப்பான சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருக்கும் சொல் படிக்கத் தெரிய வேண்டும். சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் நான் போட்ட கோடுகள் ஒன்பது. ஐ.டி.ஐ. முடித்து வந்தவர்கள் ஒரே மாதத்தில் ஒன்பது போட்டார்கள். ஆனாலும் ஃபோர்மேன் ஆனது அவர்கள்தான். அவர்களுக்கு மோட்டாரைப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தவனிடம் சான்றிதழ் இல்லை.

இப்போது வீட்டுக்குள்ளும் ஒரு சான்றிதழ் வந்துவிட்டது. ஜனவரியில் ஓசூரிலிருந்து வந்த மகள் உமா, “எப்பா, இனி நீங்க வண்டியத் தொடாதீய” என்று சாவியை வாங்கி அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா என்ன செய்தாள்? ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், போய்வருகிறேன் என்று தினமும் காலையில் கிளம்பினாள். கைக்குப் பயிற்சிதான். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கியர் போட்டிருக்கிறாள். ஐம்பத்தொன்பது வயதில் தங்கபுஷ்பம் லைசென்ஸ் வாங்கி, அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

அவள் கைக்கு என்ன என்பது இங்கே எழுத வேண்டியதில்லை. அது வண்டி சம்பந்தப்பட்டது அல்ல.

மீட்டர்: 61,204.

ஏப்ரல் 1, செவ்வாய்

காய்கறிச் சந்தை போய் வந்தது. 6 கி.மீ. ஓட்டியது தங்கபுஷ்பம். இடப்பக்க இருக்கையில் நான். பதினாறு வருடத்தில் இந்த வண்டியில் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே கிடையாது. அங்கிருந்து பார்த்தால் எல்லாம் நம் மேல் ஏறுவது போல வருகிறது. ஆட்டோ, மாடு, தண்ணீர் லாரி. பிரேக் இல்லாத இடத்தில் இருபத்தேழு தடவை மிதித்தேன்.

“தரையில ஓட்ட போட்டுராதீய” என்று சிரித்தாள்.

கியரை இரண்டு கையாலும் பிடித்து மாற்றுகிறாள். இடது மணிக்கட்டில் இன்னும் பலம் இல்லை. கண்டித்தேன்.

சனிக்கிழமை ஏரலுக்குப் போக வேண்டும் என்கிறாள். அவளுடைய அக்கா, வேலம்மாள் மதினி, அங்கே இரண்டு வருடமாகப் படுக்கை. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் வராது. சனிக்கிழமைதோறும் இவள் போய் அக்கா தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிப் பின்னிவிட்டு வருவாள். மற்றவர்கள் சீப்பை எடுத்தால் மதினி தலையைத் திருப்பிக்கொள்வாள். ஜனவரிவரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அதன் பிறகு பதினோரு சனிக்கிழமை போகவில்லை. பஸ் படி ஏற இவள் முட்டி இடம் கொடுக்காது.

முப்பத்துநாலு கிலோமீட்டர் போக, அதே அளவு வர. பிரேக் இல்லாமல் நான் உட்கார முடியாது.

ஏப்ரல் 2, புதன்

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பயிற்சியாளர் பக்கம் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்தால் கேபிள் இழுத்து ஓட்டுநர் பக்கத்து பிரேக்கும் சேர்ந்து இறங்கும். அதை நம் வண்டியில் மாட்டுவதில் என்ன பெரிய வித்தை? இவளுக்குப் பழக்கிய பொன்ராஜிடம் நடந்தே போனேன்.

“அண்ணாச்சி, ஒத்தச் செருப்போடயா வாரீய?” என்றான்.

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை. வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. செருப்பின் வார் தளர்ந்துவிட்டது. இப்போது வரும் செருப்புகள் எல்லாமே அப்படித்தான்.

விஷயத்தைச் சொன்னேன்.

“அது ஸ்கூல் வண்டிக்குள்ள சாமான். வீட்டு வண்டியில போட்டா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதி வாங்கணும் அண்ணாச்சி.”

“எங்க தெருவுக்குள்ள எந்த ஆர்.டி.ஓ. வந்து குனிஞ்சி பாக்கான்?”

“மதினி நல்லாத்தான் ஓட்டுதாவ. நாந்தான பழக்கினேன்.”

“நீ பழக்கினதுனாலதாம்டே பிரேக்கு கேக்கேன்.”

சிரித்துவிட்டான். பின்பக்கம் போய், உடைத்துப் போட்ட பழைய ஸ்கூல் வண்டியின் மிதி, அடித்தகடு, கேபிள், ஸ்பிரிங் எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தான். “ரெண்டு விசயம் அண்ணாச்சி. கேபிள விறைப்பாக் கட்டிராதீய. ஒரு விரக்கடைக்குச் சும்மா ஆடணும். அப்புறம், அந்த ஸ்பிரிங்க மாத்தாதீய. அது கட்டியா இருக்கதுக்குக் காரணம் இருக்கு.”

எனக்கே பாடம்.

திரும்பும் வழியில் செருப்பு கிடைத்தது. பால் பூத் வாசலில், யாரோ ஓரமாக எடுத்து வைத்திருந்தார்கள்.

ஏப்ரல் 5, சனி

பிரேக் மாட்டாமல் ஏரல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தங்கபுஷ்பம் கண்ணாடி முன் நின்று தன் தலையையே இரண்டு தடவை சீவினாள்.

காலை எட்டுக்குத் தொடங்கினேன். இடப்பக்க இருக்கையின் நான்கு போல்ட்டில் ஒன்று துருப்பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி அரைமணி நேரம் காத்திருந்தேன். இருக்கையை வெளியே எடுத்துத் தரைவிரிப்பைச் சுருட்டினால் அடியில் ஒரு சட்டைப் பொத்தானும், உமா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தொலைத்ததாகச் சொன்ன காம்பஸும் கிடந்தன. தொலைந்ததாகச் சொன்னவள் அவள். அதற்கு அடி வாங்கியவளும் அவள். அது முந்தைய வண்டியில் அல்லவா என்று பிறகுதான் யோசித்தேன். பேரனுடையதாக இருக்கும்.

தகட்டை வைத்து அடையாளம் போட்டு டிரில்லை ஓட்டினேன். சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

“நா வெளயாட்டுக்குல்லா சொன்னேன். நெசமாவே தரையில ஓட்ட போடுதீயளே!”

“தள்ளி நில்லு. தூசி கண்ணுல விழும்.”

“வெறுங்காலோட நிக்கீய. சிமிண்டுத் தரை அடுப்பாக் கொதிக்கி. நா செருப்புப் போட்டே நிக்க முடியல.”

எனக்குச் சூடு தெரியவில்லை. பம்ப் ஹவுஸில் இதைவிடக் கொதிக்கும் தரையில் நின்றவன். பதினொரு மணிக்கு 14 நம்பர் ஸ்பேனர் கை நழுவிக் கால் பெருவிரலில் விழுந்தது. நகம் கருத்தது, ரத்தம் வந்தது. வலிக்கவே இல்லை. அவள்தான் ஐயோ என்று கத்தினாள். மஞ்சள் வைக்க வந்தவளிடம் சொன்னேன்: “எனக்கே வலிக்கல. ஒனக்கு என்ன?”

அவள் என் காலையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

டிரில் பிட் உடைந்தது. வேறு வேலை இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

அடித்தகடு இறுகிவிட்டது. கேபிளை டேஷ்போர்டுக்கு அடியில் வளைத்து, ஓட்டுநர் பக்க பிரேக் தண்டில் கவ்வி போட்டுக் கட்டினேன். மல்லாந்து படுத்து, தலையை மிதிகளுக்கு நடுவில் வைத்து, மூன்று மணி நேரம். எழுபத்தொரு வயதில் இப்படி மடங்கக் கூடாது. எழுந்திருக்க முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். கூப்பிட்டால் வந்திருப்பாள். கூப்பிடவில்லை.

பொன்ராஜ் சொன்ன விரற்கடை ஆட்டத்தை விடவில்லை. ஆபத்து ஒரு விரற்கடை தள்ளி நின்று காத்திருக்குமா? மிதித்த நொடியில் பிடிக்க வேண்டும். விறைப்பாகக் கட்டினேன். ஸ்பிரிங்கையும் மாற்றிவிட்டேன். அவன் கொடுத்தது முரட்டு ஸ்பிரிங். மிதித்து மிதித்துத் தொடை கடுத்தது. கொசுவலைக் கதவிலிருந்து கழற்றி வைத்திருந்த ஸ்பிரிங்கைப் போட்டேன். பூப்போல இறங்குகிறது.

ஏப்ரல் 9, புதன்

தெருவில் சோதனை. அவள் ஓட்ட, மூன்றாவது வீட்டு வாசலில் நான் மிதித்தேன். வண்டி ஆணி அடித்தது போல நின்றது.

“எம்மா! எங்காலுக்கடியில தானா இறங்குது! பேய் மிதிக்க மாதிரில்லா இருக்கு!”

“பேயில்ல. ஒம் புருசன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள். ஆனால் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஜனவரிக்குப் பிறகு இந்த வண்டிக்குள் இருவரும் சேர்ந்து சிரித்தது இன்றுதான்.

ஏப்ரல் 12, சனி

ஏரல். காலை 7.10 புறப்பாடு. முள்ளக்காடு உப்பளம் தாண்டும்வரை நாற்பதுக்கு மேல் போகவில்லை. நான் நாலு தடவை பிரேக் போட்டேன். ஒன்று நாய், ஒன்று மணல் லாரி, இரண்டு முன்னெச்சரிக்கை. மற்ற நேரமெல்லாம் கால் தரையில்தான் இருந்தது.

மதினி எங்களைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. தங்கபுஷ்பம் காதருகே குனிந்து, “எக்கா, நாந்தான் ஓட்டிட்டு வந்தேன். நானே” என்றாள். சரியாக இருக்கும் கையால் மதினி இவள் கன்னத்தில் ஓர் அடி போட்டாள். அவளுக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான். மூன்று மாதமாகச் சீவாத தலை. சிக்கெடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

மீட்டர்: 61,301. குறை எதுவும் இல்லை.

ஏப்ரல் 19, சனி

ஏரல். போகும்போது குறையில்லை. நானும் அவள் ஓட்டுவதில் கொஞ்சம் பழகிவிட்டேன். திரும்பும்போது சாய்ந்து உட்கார்ந்தேன், ஒரு முறை கண்கூட அசந்தது. பழையகாயல் அருகே கருகல் வாடை. வண்டியும் இழுக்கவில்லை. வீட்டில் வந்து முன்சக்கரத்தின் நடுவில் கை வைத்தால் சுடுகிறது. பிரேக் உராய்ந்துகொண்டே வந்திருக்கிறது.

காரணம்: அவள் கால்.

புதிதாகப் பழகுகிறவர்கள் பிரேக்கில் காலை வைத்தபடியே ஓட்டுவார்கள். சொன்னேன்.

“நா வைக்கல.”

“அப்ப யாரு வைக்கா? எதுத்த வீட்டுக்காரனா?”

“சத்தியமா வைக்கலீங்க. காலு ஆக்ஸிலேட்டர்லதான் இருந்துது.”

ஐ.டி.ஐ. பையன்களும் இப்படித்தான் சொல்வார்கள். வால்வை நான் தொடவே இல்லை சார் என்று.

ஏப்ரல் 22, செவ்வாய்

மருந்துக் கடைக்குப் போய் வந்தோம். என் சர்க்கரை மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆகிறதாம். அவள்தான் எண்ணுகிறாள். வழியெல்லாம் பின்னால் ஸ்கூட்டரில் வந்த பக்கத்து வீட்டு சேவியர், வாசலில் நிறுத்தி, “மதினி, ஒங்க பிரேக் லைட்டு அணையவே இல்லியே. பாளை ரோட்டுல இருந்து செவப்பாவே வருது” என்றார்.

சாட்சியும் கிடைத்துவிட்டது. காரணம்: அவள் கால். அவள் முகம் சுருங்கிவிட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

அவள் மட்டும் தனியாகச் சந்தைக்குப் போய் வந்தாள். வந்ததும் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. வாடையும் இல்லை. பின்னால் வந்த சேவியரிடம் கேட்டேன், விளக்கு ஒழுங்காக அணைந்து எரிந்ததாம்.

ஆக, நான் இல்லாதபோது ஒழுங்காக ஓட்டுகிறாள். நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் இப்படி. இதில் ஏதோ பிடிவாதம் இருக்கிறது. நாற்பது வருடக் குடித்தனத்தில் எனக்குத் தெரியாத பிடிவாதமா?

ஏப்ரல் 26, சனி

கால் உணர்வு தெரிய வேண்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினாள். கிளம்பியதிலிருந்து அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிரேக்கில் இல்லை. ஆனால் பெடல் கொஞ்சம் இறங்கியே இருக்கிறது. எப்படியோ மறைக்கிறாள்.

ஏரல் வழியில் முக்காணி வருவதற்குள் முன்சக்கரத்திலிருந்து புகை. பின்னால் வந்த வேன்காரன் ஹாரன் அடித்துக் கையைக் காட்டினான். ஓரமாக நிறுத்தி இறங்கினோம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ரோட்டில் வைத்தே கேட்டேன், லைசென்ஸைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தால் சாமியா வந்து ஓட்டும் என்று. நுங்கு விற்கிற இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் சாவியை எடுத்து போனட்டின் மேல் வைத்தாள்.

“எனக்கு எங்காலு மேலயே நம்பிக்க போச்சு. இனும ஓட்டல.”

சக்கரம் ஆற ஒரு மணி நேரம். அவள் புளியமரத்தடியில் முந்தானையால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தாள். பொன்ராஜுக்கு போன் போட்டேன். அவன் ஆள் ஒருவர் பஸ்ஸில் வந்து வண்டியை எடுத்தார். என்னைப் பின்னால் உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன். அவள் முன்னால். வீடுவரை புகை இல்லை.

தேர்ந்த ஓட்டுநர் ஓட்டினால் புகை வராது என்பதற்கு இது அத்தாட்சி.

காரணம்: அவள் கால்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வெயில்.

மே 3, சனி

ஏரல் இல்லை. மதினியின் மகள் போனில் சொன்னாள், அம்மா காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாளாம். சீப்பை எடுத்தால் தட்டிவிடுகிறாளாம். தங்கபுஷ்பம் “ம்… ம்…” என்று கேட்டாள். பிறகு குளிக்கப் போய் வெகுநேரம் வரவில்லை.

மாலை உமா பேசினாள்.

“எப்பா, அம்மா வேண்டாங்கா. வண்டியக் குடுத்துருவோம். எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட மாமா தூத்துக்குடிதான். ஞாயித்துக்கெழம, பதினொண்ணாம் தேதி, வந்து பாப்பாரு.”

“அம்மாவா சொன்னா?”

“அவ சொல்லாமயா? கையெழுத்து மட்டும் நீங்க போட்டாப் போதும்.”

லைசென்ஸ் சாமி படத்துக்குக் கீழே இல்லை. எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

மே 5, திங்கள்

அக்கினி நட்சத்திரம் நேற்றுத் தொடங்கிவிட்டது. வருகிறவர் வண்டியைக் குறை சொல்லிவிடக் கூடாது. பிரேக்கை முழுதாகப் பிரித்துத் துடைத்து, தேய்ந்த கட்டைகளை மாற்றினேன். ஜாக்கி வைத்து இடது முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தேன். காற்றாடி போலச் சுற்றியது. வண்டியில் ஒரு குறையும் இல்லை.

மே 6, செவ்வாய்

முன்சக்கரம் சுற்றவில்லை. காரணம் பிறகு எழுதப்படும்.

மே 7, புதன்

எழுதவில்லை.

மே 8, வியாழன்

லாக் புத்தகத்தில் “பிறகு எழுதப்படும்” என்று போட்டால் மூன்று நாளுக்குள் எழுத வேண்டும். அதுவும் விதி. ஆகவே எழுதுகிறேன்.

செவ்வாய் மாலை ஐந்து மணி. வண்டியில் குறை இல்லை என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்று தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டேன். சக்கரம் ஜாக்கியில் தூக்கி நின்றது. நான் கதவைத் திறந்து இடப்பக்க இருக்கையில் ஏறி, மடியில் புத்தகத்தை விரித்து, பேனாவைத் திறந்தேன். “சுத்து” என்றேன்.

“சுத்தல.”

“பலமாச் சுத்து. நேத்து காத்தாடி மாதிரிச் சுத்துச்சி.”

“ரெண்டு கையாலயும் பாத்துட்டேன். அசையல.”

ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லை. எஞ்சின் ஓடவில்லை. கைபிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும். பிறகு என்ன பிடிக்கிறது? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து கதவருகே வந்தாள். வந்தவள் கீழே பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று நானும் குனிந்தேன்.

என் வலது கால் மிதியின் மேல் இருந்தது.

அது தரையில் இருப்பதாகத்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணால் பார்த்த பிறகும் தரையில் இருப்பதாகத்தான் தெரிந்தது. தூக்கினேன். கொசுவலைக் கதவு ஸ்பிரிங் மெல்ல முனகி மேலே வந்தது. அவள் போய்ச் சக்கரத்தில் கை வைத்தாள். சுற்றியது. சுற்றி நிற்கும்வரை இருவரும் அதையே பார்த்தோம்.

ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். முக்காணி ரோட்டில் நான் கேட்டதற்கெல்லாம் சேர்த்து அன்றைக்கு அவள் கேட்டிருக்கலாம்.

“காப்பி போடட்டா?” என்றாள்.

மே 8, மாலை

இன்னும் முடியவில்லை. ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு எழுதக் கூடாது. சோதித்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும். கட்டிலில் காலை நீட்டி, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, அந்த 14 நம்பர் ஸ்பேனரை அவளிடம் கொடுத்தேன். ஒவ்வொரு விரலாகத் தட்டு, தட்டும்போது நான் சொல்கிறேன் என்றேன்.

காத்திருந்தேன்.

“ஆரம்பி.”

“அஞ்சாவது வெரலுக்கு வந்துட்டேன்.”

துண்டை அவிழ்க்கவில்லை. இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். பிறகு இடது கால். பத்து விரலில் ஒன்றுதான் சரியாகச் சொன்னேன். அதுவும் அவள் வளையல் சத்தத்தை வைத்துச் சொன்னது. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். விதி இடம் தரவில்லை.

“எவ்வளவு நாளா?” என்று கேட்டேன். என் காலைப் பற்றி நானே அவளிடம் கேட்கிறேன்.

“போன ஆவணியில கோயில ஒத்தச் செருப்போட சுத்தி வந்தீயள்லா, அப்பமே சொன்னேன். சக்கரை காலுக்கு எறங்கிருக்கும், டாக்டர்ட்டப் போவம்னு. செருப்பு வாருல குத்தம்னு சொல்லிட்டீய.”

“அப்ப ஜனவரியில…”

அவள் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

“கை கூடிட்டுல்லா. விடுங்க.”

மே 9, வெள்ளி

காலை ஆறு மணிக்கே தொடங்கினேன். கவ்வி, கேபிள், அடித்தகடு. மாட்ட நாலு நாள் ஆனது, கழற்ற ஒன்றரை மணி நேரம். தரையில் போட்ட நாலு ஓட்டைக்கும் ரப்பர் அடைப்பான் போட்டு மேலே தார் பூசினேன். மழை நீர் ஏறாது. ஆனாலும் ஓட்டை ஓட்டைதான்.

சாக்கைப் பொன்ராஜிடம் கொண்டுபோனேன். இரண்டு செருப்பும் காலில் இருக்கிறதா என்று தெருமுனை தோறும் குனிந்து பார்த்துக்கொண்டு போனேன்.

“என்ன அண்ணாச்சி, மதினி நல்லா ஓட்டுதாவளா?”

“ஆமா.”

“ஸ்பிரிங்கு வேறயா இருக்கே?”

“அது எங்க வீட்டு ஸ்பிரிங்கு. அதக் குடு” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அங்கிருந்து டாக்டரிடம். ஏதோ கம்பியால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, பாதத்தில் உணர்வு போய்விட்டது, வண்டி ஓட்டக் கூடாது, தினமும் காலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். ஸ்பேனரால் நான் கண்டுபிடித்ததைத்தான் கம்பியால் கண்டுபிடித்திருக்கிறார். கருத்த நகத்துக்குக் கட்டுப் போட்டார்கள். சும்மா இருந்திருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்குமாம்.

வீட்டுக்கு வந்து உமாவுக்கு போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் வர வேண்டாம், வண்டி விற்பனைக்கு இல்லை என்றேன்.

“எப்பா, அம்மாதான் ஓட்ட மாட்டேங்காளே.”

“ஓட்டுவா.”

“பிரேக்குலயே காலு வைக்கான்னு நீங்கதான சொன்னீய?”

“புத்தகத்துல எழுதுதேன்” என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது.

பிறகு அடுக்களையில் நின்று, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளின் முதுகைப் பார்த்துச் சொன்னேன். “நாளைக்குச் சனிக்கெழம. ஏழு மணிக்குக் கெளம்புனா வெயிலுக்கு முந்திப் போயிரலாம்.”

குழாயை அடைத்தாள். திரும்பவில்லை.

“பிரேக்கு?”

“கழத்தியாச்சி.”

“அப்ப பயமா இருந்தா என்ன செய்வீய?”

“பயந்துக்கிடுவேன்.”

மே 10, சனி

ஏரல். காலை 7.05 புறப்பாடு. ஓட்டியது தங்கபுஷ்பம்.

லைசென்ஸ் அரிசிப் பானையில் இருந்திருக்கிறது. தூசி தட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நான் பின்கதவைத் திறந்தேன். “முன்னாடி வாங்க. ஆளில்லாத சீட்டப் பாத்துக்கிட்டு எப்படி ஓட்டுதது?” என்றாள். முன்னால் ஏறினேன். காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எங்கே வைத்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. இரண்டையும் தூக்கி மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பந்தியில் இலைக்குக் காத்திருப்பவனைப் போல இருக்கிறது என்று முள்ளக்காடுவரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

முக்காணியில், அன்று நின்ற அதே இடத்தில், அவள் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தது. பக்கத்திலிருந்து பார்த்தேன். இடது மணிக்கட்டில் எலும்பு கூடிய இடம் இன்னும் கொஞ்சம் புடைத்திருக்கிறது. கியரை ஒரு கையால்தான் மாற்றினாள்.

புகை இல்லை. வாடை இல்லை. ஏரல் பாலத்தில் எதிரே பஸ் வந்தபோது பயந்துகொண்டேன்.

மதினி சீப்பைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். இவளைக் கண்டதும் அதை எடுத்து நீட்டினாள், பிறகு கன்னத்தில் அடித்தாள். இந்தத் தடவை பலமாக. ஒரு சனிக்கிழமை வழியில் புகைந்தது, இன்னொரு சனிக்கிழமை கிளம்பவே இல்லை. இரண்டுக்கும் சேர்த்து. அந்த அடி எனக்கு வர வேண்டியது. வாசலில் உட்கார்ந்திருந்ததால் தப்பினேன்.

வீடு சேர்ந்தது 1.20. சக்கரம் நான்கும் தொட்டுப் பார்க்கப்பட்டன, கையால். சூடு இல்லை.

மீட்டர்: 61,560.

திருத்தங்கள்:

ஏப்ரல் 2. “வார் தளர்ந்துவிட்டது” என்பது அடிக்கப்பட்டது. வார் சரியாக இருக்கிறது. – சு.

ஏப்ரல் 19, 22, 26. “அவள் கால்” என்பதில் மூன்று இடத்திலும் “அவள்” அடிக்கப்பட்டு மேலே “என்” என்று எழுதப்பட்டது. – சு. – சு. – சு.

மார்ச் 30, கடைசிப் பகுதி. அவள் கை வண்டி சம்பந்தப்பட்டது அல்ல என்று இருக்கிறது. “அல்ல” அடிக்கப்பட்டது. கேட்டைத் திறந்துகொண்டு நின்றவள் தங்கபுஷ்பம். – சு.

முப்பத்தொரு வருடத்தில் ஒன்பது கோடு. இன்று ஒரே உட்காரலில் ஆறு. ஆறாவது இது:

மார்ச் 30, முதல் வரி. “இல்லை” அடிக்கப்பட்டது. மேலே வேறு சொல் எழுதவில்லை. மிச்சம் இருப்பதே சரியாகப் படிக்கிறது.

– சுயம்புலிங்கம்